கனவெளித் திரைகள்: அந்தரத்தில் நிற்கும் கணினி உருவம் ஏன் இன்னும் மேசைக்கு வரவில்லை?

2022 ஜனவரி 23 அன்று டெல்லி இந்தியா கேட் அருகே நேதாஜி சுபாஷ் சந்திர போஸின் ‘ஹாலோகிராம் சிலை’ திறந்துவைக்கப்பட்டது. 28 அடி உயரம், 6 அடி அகலம். அதைச் சுற்றி வந்து பார்த்தால் முதுகு தெரியுமா என்றால், தெரியாது. 30,000 லூமென் ஒளித்திறன் கொண்ட ப்ரொஜெக்டர் ஒன்று, 90 விழுக்காடு ஒளி ஊடுருவும் திரையின்மேல் வீசிய படம் அது. திரை கண்ணுக்குத் தெரியாததால் உருவம் அந்தரத்தில் நிற்பதுபோல் இருந்தது. படம் என்னவோ தட்டைதான்.

இதுபோன்ற ஒவ்வொரு செய்தியின்போதும் ‘முப்பரிமாண உருவம் வந்துவிட்டது’ என்ற அறிவிப்பும், ‘அப்படியானால் கணினித் திரை ஏன் இன்னும் தட்டையாகவே இருக்கிறது?’ என்ற கேள்வியும் சேர்ந்தே எழுகின்றன. கேள்வி நியாயமானது. கணினி வரைந்த உருவத்தை உண்மையாகவே நீளம், அகலம், ஆழம் மூன்றிலும் நிறுத்திக் காட்டும் கருவிகளை 75 ஆண்டுகளுக்கும் மேலாகப் பொறியாளர்கள் கட்டி வருகிறார்கள். அவற்றில் பல வேலை செய்தன. சில விற்பனைக்கும் வந்தன. அவை பரவாமல் போனதற்கு ஒளியியல் பெரிய காரணம் அல்ல. இரண்டு இடங்களில் அவை முட்டிக்கொண்டன: ஒன்று, தரவின் அளவு, மற்றொன்று, முன்னால் இருக்கும் பொருள் பின்னால் இருப்பதை மறைக்க வேண்டும் என்ற, நாம் யோசித்தே பார்க்காத ஒரு விதி.

ஒரே பெயரில் மூன்று வேறு பொருள்கள்

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். செய்திகளில் ‘ஹாலோகிராம்’ என்று வருவது பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்று:

1. ஒளி ஊடுருவும் திரையிலோ சாய்த்து வைத்த கண்ணாடியிலோ தோன்றும் தட்டைப் படம். 1860களில் லண்டனில் ஜான் ஹென்றி பெப்பர் மேடையில் வரவழைத்த ‘ஆவி’ முதல் இன்றைய இசை நிகழ்ச்சி உருவங்கள் வரை இந்த வகைதான். கடை வாசல்களில் சுழலும் எல்.இ.டி. விசிறியையும் இதில் சேர்க்கலாம். அதன் இறக்கை ஒரு வட்டத் தளத்தை மட்டுமே துழாவுகிறது, ஆழம் கிடையாது.

2. உண்மையான ஹாலோகிராம். பொருளிலிருந்து வரும் ஒளி அலையின் வடிவத்தையே பதிவுசெய்து, அதே அலையை மீண்டும் எழுப்புவது. டென்னிஸ் கேபார் இதன் அடிப்படையை 1948இல் வெளியிட்டார். 1971இல் நோபல் பரிசு பெற்றார்.

3. கனவெளித் திரை. ஆங்கிலத்தில் வால்யூமெட்ரிக் டிஸ்ப்ளே. இதில் ஒளி ஒரு தளத்திலிருந்து வருவதில்லை. ஒரு கன அளவுக்குள், உருவத்தின் ஒவ்வொரு புள்ளியும் எங்கே இருக்க வேண்டுமோ அந்த இடத்திலேயே ஒளி பிறக்கிறது அல்லது சிதறுகிறது. நான்கு பேர் நான்கு பக்கம் நின்று பார்த்தால் நான்கு பக்கங்கள் தெரியும். கண்ணாடி அணிய வேண்டியதில்லை.

இந்தக் கட்டுரை மூன்றாவதைப் பற்றியது.

கண் ஆழத்தை எப்படி அறிகிறது

மூளை ஆழத்தை ஒரே வழியில் கணிப்பதில்லை. நமக்கு வேண்டிய நான்கு குறிப்புகள் இவை:

1. மறைத்தல். தூண் சுவரை மறைத்தால் தூண் அருகில் இருக்கிறது.
2. இரு கண் வேறுபாடு. இடக்கண்ணும் வலக்கண்ணும் சற்றே மாறுபட்ட படங்களைப் பெறுகின்றன; பொருள் அருகில் வர வர இரு கண்களும் உள்நோக்கித் திரும்புகின்றன.
3. இடமாறு தோற்றம். தலையை அசைத்தால் அருகில் உள்ளவை அதிகமாகவும் தொலைவில் உள்ளவை குறைவாகவும் நகர்கின்றன.
4. விழி ஏற்பமைவு. பொருளின் தொலைவுக்கு ஏற்பக் கண் தன் வில்லையின் குவியத்தை மாற்றிக்கொள்கிறது.

சாதாரணத் திரை முதல் குறிப்பை மட்டும் தருகிறது. மீதியைத் தொலைக்காட்சியும் சினிமாவும் நிழலாலும் கோணத்தாலும் ஈடுகட்டுகின்றன. திரையரங்கின் 3டி கண்ணாடி இரண்டாவதைச் சேர்க்கிறது. 1968இல் ஐவன் சதர்லேண்ட் காட்டிய தலையில் அணியும் திரை மூன்றாவதையும் சேர்த்தது. நான்காவது மட்டும் அகப்படவில்லை. 3டி படத்தில் பந்து முகத்தருகே வந்தாலும் கண் குவிய வேண்டியது பத்து, இருபது மீட்டருக்கு அப்பால் உள்ள திரையில்தான். திரும்பும் கோணம் ஒன்றைச் சொல்ல, குவியம் வேறொன்றைச் சொல்ல, கண் சோர்ந்துபோகிறது. 3டி பார்த்தால் தலைவலி வருவதற்கு இந்த முரண் முக்கியக் காரணம்.

கனவெளித் திரையில் இந்த முரண் எழவே எழாது. புள்ளி 60 செ.மீ. தொலைவில் தெரிந்தால், அது 60 செ.மீ. தொலைவில்தான் இருக்கிறது. இரண்டு, மூன்று, நான்கு ஆகிய மூன்றும் தாமாகவே கிடைக்கின்றன. ஆனால் எளிய தட்டைத் திரையிலும் கிடைக்கும் முதல் குறிப்பை அது இழக்கிறது. இந்தப் பண்டமாற்றை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் வரலாறு முழுவதும் விளங்கிவிடும்.

வாக்ஸெல்: அடிப்படை அலகு

தட்டைப் படத்தின் மிகச் சிறிய அலகு பிக்ஸெல். கன அளவுக்குள் ஒளிரும் மிகச் சிறிய புள்ளி வாக்ஸெல். வெற்றிடத்தில் ஒளியை நிறுத்திவைக்க முடியாது. ஒளி சிதறவோ பிறக்கவோ ஏதாவது ஒரு பொருள் அங்கே இருக்க வேண்டும். அந்தப் பொருளை எப்படி அங்கே கொண்டுபோய் வைப்பது என்பதில்தான் வகைகள் பிரிகின்றன.

ஒரு வழி, திரையையே வேகமாக நகர்த்துவது. நகரும் திரை ஒரு நொடிக்குள் பலமுறை அந்தக் கன அளவு முழுவதையும் கடந்துபோகும். எந்தக் கணத்தில் எங்கே இருக்கிறதோ அந்த இடத்துக்கு உரிய துண்டுப் படத்தை அதன்மேல் காட்டினால், பார்வை நிலைப்பு (அணைந்த ஒளி கண்ணில் சற்று நேரம் தங்குவது) காரணமாக எல்லாத் துண்டுகளும் சேர்ந்து ஒரே உருவமாகத் தெரியும். மற்றொரு வழி, எதையும் நகர்த்தாமல், கண்ணாடி போன்ற ஓர் ஊடகத்தால் கன அளவை நிரப்பி, வேண்டிய புள்ளியை மட்டும் ஒளிரச் செய்வது.

ரேடாரில் தொடங்கிய தேவை

இரண்டாம் உலகப் போரின்போது ரேடார் இயக்கியவர்களுக்கு ஒரு சிக்கல் இருந்தது. விமானத்தின் தொலைவும் திசையும் ஒரு வட்டத் திரையில் தெரியும். உயரம் வேறொரு திரையில். இரண்டையும் மனத்துக்குள் இணைத்துப் பார்க்க வேண்டும். எதிர்கொள்ளும் விமானங்கள் அதிகமானால் அது நடக்கிற காரியமல்ல. போர் முடிந்த கையோடு, 1948இல், பிரிட்டனின் மின்பொறியாளர் கழக இதழில் பார்க்கர், வாலிஸ் இருவரும் கேத்தோடு கதிர்க் குழாயை, அதாவது பழைய தொலைக்காட்சிப் படக்குழாயைக் கொண்டு முப்பரிமாணக் காட்சி அமைக்கும் வழிகளை விரிவாக எழுதினார்கள். கணினி வரைகலை என்ற துறையே அப்போது பிறக்கவில்லை.

1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் கெட்ச்பெல் என்ற பொறியாளர் துணிச்சலான ஒரு குழாயை விவரித்தார். பழைய தொலைக்காட்சிக் குழாயில், எலக்ட்ரான் பட்டால் ஒளிரும் பாஸ்பர் பூசிய திரை முன்பக்கக் கண்ணாடியில் அசையாமல் ஒட்டியிருக்கும். இவருடைய குழாயில் அந்தத் திரை உள்ளே, வெற்றிடத்துக்குள் சுழன்றது. சுழலும் தட்டில் எலக்ட்ரான் கற்றை படும் இடம் ஒரு வாக்ஸெல்.

இந்த அமைப்பில் உள்ள குறை வரைந்து பார்த்தால் உடனே தெரியும். தட்டு சுழன்று, அதன் விளிம்பு கற்றைக்கு நேராக வரும்போது, கற்றை படுவதற்குப் பரப்பே இருக்காது. அந்தக் கோணத்தில் படம் கரைந்துபோகும். இதற்கு விடை காண 1990களில் நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தில் பேரி பிளண்டெல் குழு உருவாக்கிய ‘கேத்தோடு ரே ஸ்பியர்’, ஒன்றுக்கு மேற்பட்ட எலக்ட்ரான் துப்பாக்கிகளைப் பயன்படுத்தியது. ஒன்றுக்குக் குருடான கோணத்தில் மற்றொன்று வரையும்.

ஒலிபெருக்கியும் ஒரு பிளாஸ்டிக் தாளும்

இந்த வரலாற்றில் மிக அழகான கருவி அதிரும் ஆடிதான். 1967இல் மைட்டர் நிறுவனத்தின் ஆலன் ட்ராப் அதை வெளியிட்டார். பெல் ஆய்வகத்தின் எரிக் ராசன் அதை மேலும் வளர்த்தார். தேவையானவை மூன்றே பொருள்கள்: அலுமினியம் பூசிய மெல்லிய மைலார் தாள், அதை இறுக்கிப் பிடிக்கும் வளையம், பின்னால் ஓர் ஒலிபெருக்கி. ஒலிபெருக்கி நொடிக்கு 30 முறை அதிரும்போது தாள் முன்னும் பின்னும் வளைகிறது. ஒரு கணம் குழியாடி, அடுத்த கணம் குவியாடி. ஆடிக்கு எதிரே கேத்தோடு கதிர்த் திரை ஒன்றை வைத்துவிட்டு, பார்ப்பவர் ஆடிக்குள் தெரியும் பிம்பத்தைப் பார்க்கிறார்.

சில மில்லிமீட்டர் அசையும் தாளால் எவ்வளவு ஆழம் கிடைத்துவிடும்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 40 செ.மீ. விட்டமுள்ள ஆடியின் மையம் இருபுறமும் 3 மி.மீ. வளைகிறது என்று கொள்வோம்.

1. வளைவு ஆரம் ஏறத்தாழ 6.7 மீட்டர், குவியத் தூரம் அதில் பாதி, 3.3 மீட்டர்.
2. கதிர்த் திரை ஆடியிலிருந்து 60 செ.மீ. தொலைவில் இருக்கிறது. ஆடி தட்டையாக இருக்கும் கணத்தில் மாய பிம்பம் ஆடிக்குப் பின்னால் 60 செ.மீ. தொலைவில் தெரியும்.
3. குழியாடியாக வளையும்போது பிம்பம் 73 செ.மீ. தொலைவுக்குப் போகிறது.
4. குவியாடியாக வளையும்போது 51 செ.மீ. அளவுக்கு நெருங்கிவருகிறது.

தாளின் அசைவு மொத்தம் 6 மி.மீ.; பிம்பத்தின் பயணம் 22 செ.மீ. ஒளியியல் இங்கே பொறியாளருக்கு இலவசமாக சுமார் 37 மடங்கு பெருக்கம் தந்துவிடுகிறது. கனமான தட்டு எதையும் சுழற்ற வேண்டியதில்லை. திரையில் புள்ளி எந்தக் கணத்தில் ஒளிர்கிறதோ, அந்தக் கணத்துக்குரிய ஆழத்தில் அது தெரியும். நேரம்தான் இங்கே ஆழம்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. அதே கணக்கில், தொலைவில் தெரியும் பிம்பம் 1.22 மடங்கு பெரிதாகவும், அருகில் தெரிவது 0.85 மடங்கு சிறிதாகவும் இருக்கும். இயற்கையில் நடப்பதற்கு இது நேர் எதிர். ஆகவே கணினி ஒவ்வொரு புள்ளியையும் அதன் ஆழத்துக்கு ஏற்ப முன்கூட்டியே சுருக்கி அல்லது விரித்து வரைய வேண்டும். பாஸ்பரும் உடனே அணைகிற வகையாக இருந்தாக வேண்டும். கொஞ்சம் நேரம் நின்று ஒளிர்ந்தால் அந்தப் புள்ளி ஆழத்தில் ஒரு கோடாக இழுபட்டுவிடும். உடனே அணையும் பாஸ்பர்களில் தேர்வு குறைவு என்பதால் படங்கள் ஒரே நிறத்தில் அமைந்தன. ஒலிபெருக்கியின் முனகல் வேறு.

1970களில் இந்தக் கருவிக்கு ஒரு புதிய தேவை வந்தது. சி.டி. ஸ்கேன் மருத்துவமனைகளுக்கு வந்து, உடலை அடுக்கடுக்கான துண்டுகளாகப் பதிவுசெய்யத் தொடங்கியிருந்தது. தரவு முப்பரிமாணம், அதைப் பார்க்கும் திரையோ தட்டை. பி.பி.என். நிறுவனத்தில் லாரன்ஸ் ஷெர் ‘ஸ்பேஸ்கிராஃப்’ என்ற அதிரும் ஆடிக் கருவியை உருவாக்கினார். ஜெனிஸ்கோ நிறுவனம் 1980களில் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. வட கரோலினா பல்கலைக்கழகத்தில் ஹென்றி ஃபுக்ஸ் குழு, படத்தை வரிவரியாகப் புள்ளிகளால் நிரப்பும் சாதாரண ராஸ்டர் வரைகலை அமைப்புடனேயே இந்த ஆடியை இணைக்கும் வழியை 1982இல் வெளியிட்டது. தனியாக விலையுயர்ந்த வரைவி வாங்காமல், கையில் இருக்கும் கருவியோடு சேர்க்கலாம் என்பது அதன் சிறப்பு.

எத்தனை புள்ளிகள் வரைய முடிந்தது என்பதே இங்கே தீர்மானமான கேள்வி. ஒரு புள்ளிக்கு ஒரு மைக்ரோநொடி என்று வைத்தால், நொடியில் முப்பதில் ஒரு பங்குக்குள் 33,000 புள்ளிகள்தான் வரும். 512 × 512 அளவுள்ள ஒரே ஒரு ஸ்கேன் துண்டில் 2,62,144 புள்ளிகள் உண்டு. உறுப்பு முழுவதையும் காட்ட வழியில்லை. அதன் வெளிக்கோட்டைப் புள்ளிகளால் கோடிட்டுக் காட்ட முடியும். அதிரும் ஆடி உண்மையில் ஒரு வரைபடக் கருவி. அந்த அளவில் அது தன் வேலையைச் சரியாகவே செய்தது என்பது என் கருத்து.

சுருள் தட்டும் ஒளிரும் கண்ணாடியும்

சுழலும் திரையைச் சுருள் படிக்கட்டுபோல் வளைத்துவிட்டால் ஒரு நன்மை உண்டு. கீழிருந்து செங்குத்தாக வரும் லேசர் கற்றை, சுருளை ஒவ்வொரு கணமும் வேறு உயரத்தில் சந்திக்கும். எந்தக் கணத்தில் லேசரை ஒளிரச் செய்கிறோமோ அதுவே உயரம். டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் ‘ஆம்னிவியூ’வும், 1990களில் சான் டியாகோவில் அமெரிக்கக் கடற்படை ஆய்வகம் கட்டிய கருவியும் இந்த முறையில் இயங்கின. கடற்படையின் சுருள் சுமார் 90 செ.மீ. விட்டமும் 45 செ.மீ. உயரமும் கொண்டது, நிமிடத்துக்கு 600 சுற்று. அவ்வளவு பெரிய தட்டு அந்த வேகத்தில் சுழலும்போது காற்று, அதிர்வு, பாதுகாப்பு எல்லாமே பொறியியல் சிக்கல்களாகிவிடும். கையை உள்ளே நீட்டிப் புள்ளியைச் சுட்டிக்காட்ட முடியாது.

எதையும் நகர்த்தாத வழியில் மிகத் தெளிவான சாதனை ஸ்டான்ஃபோர்டின் எலிசபெத் டவுனிங் குழுவினுடையது. 1996இல் ‘சயன்ஸ்’ இதழில் அது வெளியானது. கண்ணுக்குத் தெரியாத இரண்டு அகச்சிவப்பு லேசர் கற்றைகள், அரிய மண் தனிமங்கள் கலந்த ஃப்ளூரைடு கண்ணாடிக் கட்டிக்குள் பாய்கின்றன. ஒரு கற்றை மட்டும் பட்டால் அயனி முதல் ஆற்றல் படிக்கு ஏறி நிற்கும், ஒளி வராது. இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் இரண்டாம் படிக்கு ஏறி, அங்கிருந்து இறங்கும்போது கண்ணுக்குத் தெரியும் ஒளியை வெளியிடும். பிரசியோடைமியம் சிவப்பு, எர்பியம் பச்சை, தூலியம் நீலம். திடக் கண்ணாடியின் நடுவே, எந்தப் பொறியும் சுழலாமல், ஒரு புள்ளி எரிகிறது. இயற்பியலாக இதைவிடத் தூய்மையான விடையை நினைத்துப் பார்ப்பது கடினம். ஆனால் கட்டியின் பக்கம் இரட்டித்தால் கன அளவு எட்டு மடங்காகும். இரண்டு கற்றைகளும் ஒவ்வொரு புள்ளியாகத் தேடிப் போக வேண்டும். லேசரின் திறனும் கூடிக்கொண்டே போக வேண்டும். பெரிய திரையாக அது வளரவில்லை.

பெர்ஸ்பெக்டா: கணினியோடு இணைந்த முதல் முழுமையான கோளம்

கிரெக் ஃபவலோரா அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் தொடங்கிய ஆக்சுவாலிட்டி சிஸ்டம்ஸ் நிறுவனம் 2000களின் தொடக்கத்தில் கொண்டுவந்த ‘பெர்ஸ்பெக்டா’வில் எண்கள் திடீரென்று ஏறுகின்றன. காரணம், லட்சக்கணக்கான நுண்ணாடிகள் கொண்ட டி.எம்.டி. சில்லு. சினிமா ப்ரொஜெக்டர்களுக்காக வளர்ந்த அந்தச் சில்லு, நொடிக்கு ஆயிரக்கணக்கான கறுப்பு-வெள்ளைப் படங்களை வீச வல்லது.

கண்ணாடிக் கோளத்துக்குள் மெல்லிய சிதறு திரை ஒன்று நிமிடத்துக்கு சுமார் 730 சுற்று சுழல்கிறது. தட்டின் இரு பக்கமும் பயன்படுவதால் ஒரு சுற்றில் உருவம் இருமுறை புதுப்பிக்கப்படும். நொடிக்கு 24 முறை. ஒவ்வொரு முறையும் 198 துண்டுகள், ஒவ்வொன்றும் 768 × 768 புள்ளிகள். 198ஐ 24ஆல் பெருக்கினால் நொடிக்கு 4,752 படங்கள். ஒரு முழு உருவத்துக்கு மொத்தம் 11 கோடியே 68 லட்சம் வாக்ஸெல்கள். ஆப்டிகல் பாதையின் கடைசி ஆடிகள் திரையோடு சேர்ந்தே சுழன்றதால், எந்தக் கோணத்திலும் படம் திரையில் கூர்மையாக விழுந்தது.

இந்த எண்களுக்குப் பின்னால் ஒரு சமச்சீரின்மை ஒளிந்திருக்கிறது. துண்டுகள் அச்சைச் சுற்றி 0.9 பாகை இடைவெளியில் அமைகின்றன. உருவத்தின் விட்டம் சுமார் 25 செ.மீ. ஒரு துண்டுக்குள் பக்கத்துப் புள்ளிகளின் இடைவெளி 0.33 மி.மீ. ஆனால் அடுத்தடுத்த துண்டுகளின் இடைவெளி, அச்சிலிருந்து 1 செ.மீ. தள்ளி 0.16 மி.மீ.; விளிம்பிலோ 2 மி.மீ. நடுவில் வாக்ஸெல்கள் நெருக்கியடிக்கின்றன. ஓரத்தில் சிதறிக் கிடக்கின்றன. ஒரே கோட்டை நடுவிலும் ஓரத்திலும் ஒரே தடிமனாகவும் ஒரே பிரகாசமாகவும் காட்ட மென்பொருள் தனியாக உழைக்க வேண்டும். ஒவ்வொரு முக்கோணத்தையும் அது எந்தெந்தத் துண்டுகளை வெட்டுகிறது என்று கணக்கிடுவதும் அதன் வேலையே. ஓபன்ஜிஎல் என்ற பொதுவான வரைகலைக் கட்டளைத் தொகுப்பில் எழுதிய வழக்கமான நிரல்களின் கட்டளைகளை இடைமறித்து, பழைய நிரலையே கோளத்தில் ஓடச் செய்யும் ஏற்பாட்டையும் அந்நிறுவனம் செய்திருந்தது. வன்பொருளுக்கு இணையான சாதனை அது.

நிறம்தான் ஏழ்மையானது. ஒவ்வொரு நுண்ணாடியும் ஒரு துண்டுக்கு ஒருமுறை திறக்கும் அல்லது மூடும் என்பதால் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் ஆளுக்கு ஒரு பிட். மொத்தம் எட்டு நிறங்கள். இடைப்பட்ட நிறங்களைப் புள்ளிகளைக் கலந்து தூவித்தான் காட்ட வேண்டியிருந்தது.

ஏறத்தாழ அதே காலத்தில் வந்த ‘டெப்த்கியூப்’ வேறு வழியில் போனது. ஒன்றன்பின் ஒன்றாக 20 திரவப் படிகத் தகடுகள். ஒரு நேரத்தில் ஒன்று மட்டும் பால்போல் மங்கும், மீதி 19 தெளிவாக இருக்கும். மங்கிய தகட்டில் அந்த ஆழத்துக்குரிய படம் விழும். நொடிக்கு 50 சுற்று, ஆயிரம் படங்கள். இரண்டு தகடுகளுக்கு நடுவே வர வேண்டிய புள்ளியின் ஒளியை இரண்டுக்கும் பங்கிட்டால், கண் அதை நடுவிலேயே பார்த்தது. ஆனால் முன்னாலிருந்து மட்டுமே பார்க்க முடியும்.

முதல் தடை: தரவு

கனவெளித் திரையைத் தொலைக்காட்சித் தரத்தில் எதிர்பார்த்தால் என்ன ஆகும்?

1. சாதாரண முழு எச்.டி. திரை: 1920 × 1080 பிக்ஸெல், 24 பிட் நிறம், நொடிக்கு 60 படம். நொடிக்கு சுமார் 3 ஜிகாபிட்.
2. பக்கத்துக்கு ஆயிரம் வாக்ஸெல் உள்ள கனசதுரம்: 100 கோடி வாக்ஸெல், 24 பிட், நொடிக்கு 30 முறை. நொடிக்கு 720 ஜிகாபிட்.
3. பெர்ஸ்பெக்டாவின் 3 பிட் நிறத்துக்கும் 24 முறைக்கும் கணக்கிட்டால்: சுமார் 8.4 ஜிகாபிட். 2001ஆம் ஆண்டுக் கணினி இணைப்பு எதற்கும் இது பெருஞ்சுமை. ஆகவே உருவத்தைச் சாதனத்தின் உள் நினைவகத்தில் ஏற்றிவைத்து, அங்கிருந்தே வாசித்தார்கள். நின்ற உருவத்தை அழகாகக் காட்ட முடிந்தது. மாறிக்கொண்டே இருக்கும் உருவம் திணறியது.

தட்டைத் திரையின் தெளிவை இரட்டிக்க நான்கு மடங்கு தரவு போதும். கன அளவில் எட்டு மடங்கு வேண்டும். சில்லுகள் எவ்வளவு வேகமாக வளர்ந்தாலும், அதே சில்லுகளைக் கொண்டு தட்டைத் திரை இன்னும் வேகமாக முன்னேறிவிடும். இந்த ஓட்டத்தில் கனவெளித் திரை எப்போதும் பின்தங்கியே இருக்கும்.

இரண்டாம் தடை: ஒளியால் ஒளியை மறைக்க முடியாது

தரவைவிட இது ஆழமான தடை. வாக்ஸெல் ஒளியைக் கூட்டத்தான் முடியும்; தனக்குப் பின்னால் இருக்கும் வாக்ஸெலின் ஒளியைத் தடுக்க முடியாது. ஒரு மனித முகத்தை வரைந்தால் மூக்கின் வழியே பின்மண்டை தெரியும். கறுப்பு என்ற நிறமே கிடையாது. கறுப்பு என்பது ஒளிராத இடம், அதன் வழியே பின்புறம் தெரியும்.

சாதாரண வரைகலையில் கணினியே மறைபரப்புகளை நீக்கிவிடும். பார்ப்பவர் எங்கே நிற்கிறார் என்பது தெரிந்தால்தான் அது சாத்தியம். கனவெளித் திரையைச் சுற்றி நான்கு பேர் நின்றால், ஒருவருக்கு மறைய வேண்டிய பரப்பு எதிரே நிற்பவருக்கு முகப்பு. அதை அழித்தால் அவர் பார்வை கெடும். பல பேர் பல பக்கம் நின்று பார்க்கலாம் என்ற பெருமையே இங்கே தடையாகிறது. டெப்த்கியூப் ஒரு பக்கப் பார்வையோடு நின்றுவிட்டதால் இந்தச் சிக்கலிலிருந்து பெரும்பாலும் தப்பித்தது.

2007இல் இரண்டு குழுக்கள் இதற்கு விடை காட்டின. ஃபவலோராவின் குழு, ஒளியை எல்லாத் திசையிலும் சிதறவிடாமல் குறிப்பிட்ட திசையில் மட்டும் அனுப்பும் சுழல் திரையைச் செய்தது. தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகக் குழு, சுழலும் சாய்வாடியின்மேல் அதிவேக ப்ரொஜெக்டரைச் செலுத்தியது. இரண்டிலும் பின்புறம் மறைந்தது. ஆனால் ஒவ்வொரு திசைக்கும் தனிப் படம் தேவைப்பட்டதால் தரவுச் சுமை மீண்டும் ஏறியது. ஒரு தடையைத் தாண்டினால் மற்றது உயர்கிறது.

யாருக்கு இது பொருந்துகிறது

இந்த இரண்டு தடைகளையும் ஏற்றுக்கொண்டு யோசித்தால், எந்த வேலைக்கு இக்கருவி தகும் என்பது தெளிவாகும். கன அளவில் பெரும்பகுதி காலியாக இருக்க வேண்டும். ஒன்றன் வழியே மற்றொன்று தெரிவது குறையாக இல்லாமல் தேவையாக இருக்க வேண்டும்.

1. வான்வெளிக் கண்காணிப்பு. சில நூறு விமானங்கள், சில நூறு புள்ளிகள். மேற்பரப்பு எதுவும் இல்லை. இரு விமானங்களின் இடைவெளியே முழுச் செய்தி.

2. கதிர்வீச்சு சிகிச்சைத் திட்டம். மூளைக் கட்டியின் மீது பல திசைகளிலிருந்து கற்றைகள் குவிய வேண்டும். பார்வை நரம்பும் மூளைத்தண்டும் தப்ப வேண்டும். கட்டி, நரம்பு, கற்றை, கதிர் அளவின் மேகம் எல்லாமே ஒன்றன் வழியே ஒன்று தெரிந்தாக வேண்டும். பெர்ஸ்பெக்டா தீவிரமாகச் சோதிக்கப்பட்டது இங்கேதான். மருத்துவரும் இயற்பியலாளரும் கோளத்தின் இரு பக்கம் நின்று ஒரே கற்றையைப் பற்றிப் பேச முடியும்.

3. மூலக்கூறு வடிவங்கள், நிலத்தடி அடுக்குகள் போன்ற புள்ளியும் கோடுமான தரவு.

இந்த வேலைகளை நம்பி ஒரு நிறுவனம் பிழைப்பது கடினம். டெப்த்கியூப்பின் விலை பல பத்தாயிரம் டாலர். வாங்கக்கூடிய மருத்துவமனைகளும் ஆய்வகங்களும் விரல்விட்டு எண்ணக்கூடியவை. மறுபுறம் சாதாரணத் திரையில் உருவத்தைச் சுட்டியால் சுழற்றிப் பார்க்கும் வசதி, விளையாட்டுகளுக்காக மலிவாகிப்போன வரைகலைச் சில்லுகளால், எல்லோர் மேசைக்கும் வந்துவிட்டது. சுழற்றினாலே இடமாறு தோற்றம் கிடைத்துவிடுகிறது. ஆழத்தின் பெரும்பகுதி சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கும்போது, மிச்சத்துக்குப் பல லட்சம் கொடுக்க நிர்வாகங்கள் தயங்கின. ஆக்சுவாலிட்டி சிஸ்டம்ஸ் அந்தப் பத்தாண்டின் இறுதியில் இயக்கத்தை நிறுத்தியது.

முயற்சிகள் நின்றுவிடவில்லை. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் வாக்ஸான் நிறுவனம், வேகமாக மேலும் கீழும் அசையும் திரையின்மேல் அதிவேக ப்ரொஜெக்டரால் உருவம் வரையும் கருவிகளைச் செய்திருக்கிறது. 2018இல் அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் டேனியல் ஸ்மாலி குழு, செல்லுலோஸ் துகள் ஒன்றை லேசரால் காற்றில் பிடித்து, வேகமாக நகர்த்தி, வண்ண லேசர்களால் ஒளியூட்டி, சில சென்டிமீட்டருக்குள் அடங்கும் உருவங்களை வரைந்தது. அங்கே சுழலும் தட்டு இல்லை, கோளம் இல்லை, கையைப் பக்கத்தில் கொண்டுபோகலாம். ஆனால் துகள் ஒன்றுதான். கண் அணைந்த புள்ளியை மறப்பதற்குள் அது உருவம் முழுவதையும் ஓடி முடிக்க வேண்டும். உருவத்தைப் பெரிதாக்கப் பல துகள்களை ஒரே நேரத்தில் பிடித்து, தனித்தனியே ஓட்ட வேண்டும். 33,000 புள்ளிகளுக்குள் உறுப்பின் வெளிக்கோட்டை வரைந்துகொண்டிருந்த அதிரும் ஆடியின் கணக்கும் இதுவும் ஒரே வகைக் கணக்குதான்.